மந்தாரைக்கு எத்தனை மகரந்தத்தாள்?

கொஞ்சம் நீளமான பதிவு இது. காபி கலந்து எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

ரெண்டு வாரம் முன்னாடி லாஃப்டை ஒழிச்சோம். (ஒழிச்சோம்னா, தங்கமணி உத்தரவு போட்டாங்க, நான் ஏணியில ஏறினேன்னு அர்த்தம்.) பழைய டிரங்குப் பெட்டிக்கு அடியில ஒரு டிராயிங் ஃபைல் கிடைச்சது. அதுக்குள்ள 2008-ல நான் கலர் பென்சிலில் வரைந்த படம் ஒன்று. அப்போ இதே கிழக்கு கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸில் இருந்தோம். வாசலுக்கு நேர் எதிரே ஒரு கச்னார் மரம். கச்னார்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம ஊர் மந்தாரைதான். ரெண்டாகப் பிளந்த இலை, ஊதா கலந்த ரோஸ் பூ. அதைத்தான் வரைந்திருந்தேன்.

பழைய குவார்ட்டர்ஸ் எல்லாம் இடித்து, இப்போ அங்கே அடுக்கு மாடிகள் நிற்பது தில்லிவாசிகளுக்குத் தெரியும். இடையில பல வருஷம் வேற ஏரியாவில் இருந்துவிட்டு, சுத்திச் சுத்தி அதே கிட்வாய் நகருக்கே திரும்பி வந்தோம். ஏழாவது மாடி. காற்று நன்றாக வருகிறது. அந்த மந்தாரை இல்லை.

இப்ப எதுக்கு இந்தக் கொசுவத்தின்னு கேட்கிறீர்களா? காரணம் என் பொண்ணு. பிரிஸ்பேனில் இருக்கிறாள். அவள் தெருவில் வரிசையாக ஒரு மரம் பூத்திருக்கிறதாம். போட்டோ அனுப்பிவிட்டு, "அப்பா, நம்ம வாசல்ல இருந்தது இதே மரந்தானே? இங்க ஆர்க்கிட் ட்ரீன்னு சொல்றாங்க. சரியான பேர் என்ன?" என்று கேட்டாள். அந்த மரத்தடியில்தான் அவள் சைக்கிள் ஓட்டப் பழகினாள். நான் ஜம்பமாக, "இரு, நான் வரைஞ்ச படமே இருக்கு, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

படத்தைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்குக் கொஞ்சம் தாவரவியல் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தில்லித் தெருக்களில் ஊதா, ரோஸ் நிறத்தில் பூக்கிற மந்தாரையில் முக்கியமாக ரெண்டு வகை. ஒன்று பாஹினியா வேரியகேட்டா. இதுதான் அசல் கச்னார். பிப்ரவரி, மார்ச்சில் இலையெல்லாம் உதிர்ந்து கிட்டத்தட்ட மொட்டை மரமாக இருக்கும்போது பூக்கும். இதழ் அகலம், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கும். வளமான மகரந்தத்தாள் பொதுவாக ஐந்து. இன்னொன்று பாஹினியா பர்ப்யூரியா. இது செப்டம்பருக்கு மேல், இலையோடு சேர்ந்து பூக்கும். இதழ் ஒடுங்கி, ஒன்றுக்கொன்று விலகி இருக்கும். மகரந்தத்தாள் பொதுவாக மூன்று. ஆக, பூவைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தா மூன்றா என்று எண்ணினாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

(சைடுல ஒரு தகவல்: பாஹின் என்ற அண்ணன் தம்பி இருவரின் நினைவாக வைத்த பெயர் இது. ஒரு இலை, ரெண்டு மடல். அண்ணன் ஒரு மடல், தம்பி ஒரு மடல். ஹாங்காங் கொடியில் இருக்கிற பூ, மேலே சொன்ன இந்த ரெண்டு வகைக்கும் பிறந்த கலப்பு. அது விதை பிடிக்காது.)

என் படத்தில் என்ன இருந்தது தெரியுமா? பூவின் நடுவில் பிரஷ் மாதிரி ஒரு கொத்து. ஏழா, ஒன்பதா, என்னால் எண்ண முடியவில்லை. அழகுக்காக நாலு இழுப்பு கூடுதலாக இழுத்திருப்பேன். இதழ்கள் ஒரு பக்கம் ஒட்டி, ஒரு பக்கம் விலகி இருந்தன. பூவுக்குக் கீழே பச்சைப் பசேலென்று இலை. அப்பாடா, இலை இருக்கே, பர்ப்யூரியாதான் என்று முடிவு கட்டப் போனேன். அப்புறம் ஞாபகம் வந்தது: பூவை ஒரு நாள் வரைந்தேன், இலையை வேறொரு நாள், வேறொரு கிளையைப் பார்த்துச் சேர்த்தேன். இடம் காலியாக இருந்ததே என்று. படத்தில் தேதியும் கிடையாது. வெறும் 2008. கையெழுத்து மட்டும் பிக்காசோ ரேஞ்சுக்குப் பெரிதாக.

தங்கமணியிடம் கேட்டேன். "தீபாவளிக்குக் கோலம் போடறப்போ பூ உதிர்ந்து கிடக்குமே, ஞாபகம் இல்லையா?" என்றார். எனக்கோ ஹோலி சமயம் பூத்ததாக நினைவு. பக்கத்து வீட்டு உ.பி. அம்மா அதன் மொட்டைப் பறித்து சப்ஜி செய்து கொடுத்தார்கள் என்று என் தரப்புச் சாட்சியத்தை வைத்தேன். அது மார்க்கெட்டில் வாங்கின மொட்டு என்று எதிர்த்தரப்பு. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். அந்தப் படத்தை அன்று முப்பது பேராவது பார்த்திருப்பார்கள். ஆபீஸில், பொங்கல் விழாவில், ஊருக்குப் போனபோது மாமனார் வீட்டில். எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: "சூப்பர்." ஒரே ஒருத்தர் மட்டும் வேறு மாதிரி பேசினார். பின் பிளாக்கில் மகன் வீட்டோடு வந்து தங்கியிருந்த ஓய்வு பெற்ற வாத்தியார், பாளையங்கோட்டைக்காரர், பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எய்யா, கலரு நல்லா வந்திருக்கு. மகரந்தத்தாள் எத்தனைன்னு எண்ணுனீயளா?" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மரம் இருபது அடி தூரத்தில் நின்றது. ஒரு பூவை எடுத்து எண்ணியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. நான் சொன்னது: "சார், இது சயின்ஸ் ரெக்கார்டு நோட்டு இல்லை, ஆர்ட்." அவர் சிரித்துக்கொண்டே படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தங்கமணியிடம், "வாத்தியார்களுக்கு எங்க போனாலும் பேப்பர் திருத்தற புத்தி போகாது" என்று வேற நக்கல் அடித்தேன். அடுத்த வருஷம் அவர் ஊரோடு போய்விட்டார். இன்று மரமும் இல்லை, சாரும் இங்கே இல்லை. முப்பது சூப்பர் மட்டும் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது.

செடியை வரைகிறவனுக்கு "சூப்பர்" என்று சொல்வது உபகாரம் இல்லை என்பது என் கட்சி. அது பேச்சை முடித்துவைக்கிற வார்த்தை. சொல்கிறவருக்குப் பார்க்கிற வேலை மிச்சம், கேட்கிறவருக்குத் திருத்துகிற வேலை மிச்சம். நம்ம ஜனத்துக்கு, அதிலும் வெளியூரில் குப்பை கொட்டுகிற நமக்கு, இது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. இருக்கிறதே நாலு தமிழ்க் குடும்பம், அதில் யார் மனசையும் நோகடிக்க வேண்டாம் என்கிற பயம். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் இதே நாம் பாட்டு வகுப்பில் என்ன செய்கிறோம்? குழந்தை சுருதி விலகினால் டீச்சர் நிறுத்தச் சொல்லி மறுபடி பாடச் சொல்கிறார். தாளம் தப்பினால் உடனே கையைப் பிடித்துப் போட்டுக் காட்டுகிறார். எந்த அம்மாவும் குழந்தை மனசு உடைந்துவிடும் என்று சண்டைக்குப் போனதில்லை. ஃபீஸும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம்.

கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் எதிர்வீட்டு மாமி பால் வாங்க வரும்போதே, "மூணாவது வரிசையில ஒரு புள்ளி விட்டுப் போச்சு பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். கோலம் போட்டவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், குனிந்து எண்ணிப் பார்ப்பார். ஏனென்றால் புள்ளி எத்தனை என்பது ரெண்டு பேருக்கும் பொதுவான விஷயம். அபிப்பிராயம் இல்லை, கணக்கு. செடிப் படமும் அப்படித்தான். இயற்கைக் காட்சி, மனித முகம், சாமி படம் எல்லாவற்றிலும் ரசனை வித்தியாசம் என்று தப்பித்துவிடலாம். தாவரப் படத்தில் மூலப் பிரதி தொட்டியிலேயே நிற்கிறது. போய் எண்ண வேண்டியதுதான்.

இப்போ எங்கள் டவருக்குக் கீழே புல்தரையில் ஒரு சின்னக் கூட்டம் நடக்கிறது. சங்கம், பேர், பேனர் எதுவும் கிடையாது. குளிர்கால ஞாயிறு, பதினோரு மணி வெயில், அஞ்சாறு குடும்பம். தமிழ்க் குடும்பம் மூன்று, ஒரு மலையாளி, ஒரு வங்காளி, எப்போதாவது வருகிற ஒரு பஞ்சாபி சர்தார்ஜி. பெரியவர்களும் பிள்ளைகளும் ஆளுக்கொரு செடியை வைத்து கலர் பென்சிலில் வரைவோம். முடிந்ததும் படத்தையும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோட்டை வலது பக்கம் தள்ளிவிடுவோம். வாங்குகிறவர் மூன்று விஷயம் கேட்க வேண்டும். "நல்லா இருக்கு" என்பது அந்த மூன்றில் சேராது. செடியைக் காட்டாமல் படத்தைப் பற்றிப் பேசவும் கூடாது.

முதல் மாதமே எனக்குக் கிடைத்தது. பத்து வயசுப் பையன் ஒருவன் என் செம்பருத்தி இலையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க இலை பிளாஸ்டிக் மாதிரி இருக்கு" என்றான். சுருக்கென்றது. ஆனால் சொன்னது சரி. நான் செய்தது என்னவென்றால், ஒரே பச்சைப் பென்சிலை அழுத்தித் தேய்த்துவிட்டு, நிழலுக்குக் கறுப்பு. கடையில் விற்கிற தோரணத்து இலைகூட இதைவிட உயிரோடு இருக்கும். அப்புறம் இலையைப் பறித்துத் தாள் மேலேயே வைத்துப் பார்த்தோம். பளபளப்பான இலையில் வானம் விழுகிற இடம் பச்சையே இல்லை, வெளிறின நீலம். நடு நரம்புக்குப் பக்கத்தில் மஞ்சள். நிழல் விழுகிற இடம் கறுப்பில்லை, பச்சைக்குள் ஏதோ சிவப்பு ஓடுகிற மாதிரி ஓர் ஆழம்.

கூட்டத்தில் வங்காளி அம்மா கை தேர்ந்தவர். அவர் சொல்லிக் கொடுத்தது: முதலில் மஞ்சளை மெல்லப் பூசு, தாளின் சொரசொரப்பு மறையக் கூடாது. அதன் மேல் வெளிர் பச்சை, அதன் மேல் அடர் பச்சை. நிழலுக்குப் பச்சைக்கு எதிர் நிறமான கருஞ்சிவப்பை ஒரு தடவு. கறுப்புப் பென்சிலைப் பெட்டியில் இருந்தே எடுத்துவிடு. ஒவ்வொரு தடவையும் பென்சில் முனை ஊசி மாதிரி இருக்க வேண்டும், கை அழுத்தம் கோழி இறகு மாதிரி. நரம்பு வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால், மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபிலால் முதலிலேயே தாளில் பள்ளமாகக் கீறிவிடு. மேலே எத்தனை கலர் தேய்த்தாலும் பள்ளத்துக்குள் போகாது. இந்த ஒரு உத்திக்காகவே என் வீட்டில் தீர்ந்த ரீஃபில் ஒன்றும் குப்பைக்குப் போவதில்லை. (தங்கமணியின் புகார்ப் பட்டியலில் இது லேட்டஸ்ட்.)

கலர் பென்சிலின் கஷ்டமும் இதில்தான். வாட்டர்கலரில் தப்பினால் கொஞ்சம் தண்ணீர் விட்டு எடுத்துப் பார்க்கலாம். மெழுகுப் பென்சிலில் நாலு அடுக்கு போட்ட பிறகு தாள் வழவழத்துவிடும், அஞ்சாவது ஒட்டாது, ரப்பரும் முழுசாக எடுக்காது. அதனால் முடிந்த படத்துக்கு விமர்சனம் கேட்பது போஸ்ட்மார்ட்டம்தான். வெறும் கோட்டுப் படமாக இருக்கும்போதே நோட்டைத் தள்ளிவிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் இப்போ அப்படித்தான்: கோடு முடிந்ததும் ஒரு சுற்று, முதல் ரெண்டு அடுக்கு நிறம் வந்ததும் ஒரு சுற்று. முடிந்த பிறகு வடை மட்டும்.

நிறத்தை ஞாபகம் வைப்பதற்கும் ஒரு வழி கண்டோம். பூ வாடுவதற்குள் எல்லா நிறமும் பூசி முடிக்க ஆகாது. அதனால் தாளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, எந்தப் பென்சில் மேல் எந்தப் பென்சில் என்று எண்ணோடு குறித்துக்கொள்கிறோம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1801-ல் ஃபிளிண்டர்ஸ் கப்பலில் ஆஸ்திரேலியா போன ஃபெர்டினாண்ட் பாவர், செடிகளைப் பென்சிலால் மட்டும் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் நிறத்துக்கு ஒரு எண் எழுதிவைத்தார். கிட்டத்தட்ட ஆயிரம் நிறங்களுக்கு அவரிடம் எண் இருந்தது. ஊர் திரும்பிய பிறகு எண்ணைப் பார்த்து வண்ணம் பூசினார். நம்மிடம் இருப்பது இருபத்து நாலு பென்சில் பெட்டி. அதற்கே கண்ணைக் கட்டுகிறது.

சரி, யார் திருத்தலாம்? படம் வரையத் தெரிந்தவர்தான் படத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டவர் எங்கள் காலனி மாலி. பீகார்க்காரர். நான் துளசி வரைந்துகொண்டிருந்தபோது மண்வெட்டியோடு நின்று பார்த்தார். "சாப், இந்தத் துளசியின் தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள்" என்றார் இந்தியில். உருட்டினேன். உருளவில்லை, தட்டித் தட்டி நின்றது. இளந்தண்டு சதுரம்! நாற்பது வருஷம் வீட்டு வாசலில் கும்பிட்ட செடி, அதன் தண்டுக்கு நாலு பக்கம் உண்டு என்று எனக்குத் தெரியாது. புதினாவையும் உருட்டிப் பாருங்கள், அதே குடும்பம். என் படத்தில் துளசிக்குத் தண்டு பைப் மாதிரி உருண்டையாக இருந்தது. மாலிக்கு பென்சில் பிடிக்கத் தெரியாது. ஆனால் துளசி விஷயத்தில் எனக்கு அவர்தான் வாத்தியார்.

யோசித்தால், நம்ம பக்கத்தில் இது பழைய வழக்கம்தான். 1678-லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொச்சியில் இருந்த டச்சு அதிகாரி வான் ரீடு தொகுத்தது. அந்த நூலின் முதல் தொகுதியிலேயே இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரின் சான்றுரை 1675 தேதியிட்டு மலையாளத்தில் அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களின் சான்றும் இருக்கிறது. இவர்கள் யாரும் ஓவியர்கள் இல்லை. செடியை அறிந்தவர்கள் சரி என்று சொன்னால்தான் புத்தகத்துக்கு மதிப்பு என்று ரீடுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்ம மெட்ராஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 1819-ல் கம்பெனியின் மருத்துவராக வந்த ராபர்ட் வைட், 1853 வரை தென்னிந்தியச் செடிகளைத் துரத்திக்கொண்டு திரிந்தார். கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணைகளையும் பார்த்துக்கொண்டார். அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பிறகு கோவிந்து. பொட்டு மாதிரி இருக்கிற பூவைப் பிரித்து, மகரந்தத்தாள் தனியே, சூலகம் தனியே, விதையின் வெட்டுத் தோற்றம் தனியே என்று பெரிதாக்கி வரைய வேண்டிய வேலை. அரசவை ஓவியம் பழகிய கைக்குச் சட்டென்று வருகிற விஷயம் இல்லை இது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து, இது ரெண்டில்லை மூணு, இது மேலே இல்லை கீழே என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் வரும். ரங்கையாவின் படங்களை வைட் கிளாஸ்கோவில் இருந்த ஹூக்கருக்கு அனுப்ப, 1830-களின் தொடக்கத்தில் அவை அச்சாயின. அப்புறம் வைட்டே மெட்ராஸில் லித்தோ அச்சு பழகி, 1838 முதல் 1853 வரை 'ஐகோனஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். மொத்தம் 2101 படங்கள்.

இந்த இடத்தில் கலர் பென்சில் ஆசாமிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 2101 படங்களும் வெறும் கோடு. நிறமே கிடையாது. ஆனாலும் இன்றைக்கும் ஒரு செடியின் அடையாளத்தில் சந்தேகம் வந்தால் தாவரவியலாளர்கள் அந்தக் கோட்டுப் படத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். என் மந்தாரைப் படத்தில் ஏழு விதமான ஊதா இருக்கிறது. வாசலில் நின்ற மரம் எது என்று என் சொந்த மகளுக்குச் சொல்ல அது உதவவில்லை.

இன்னொன்று, ரங்கையா, கோவிந்து பெயர்கள் படத்தின் அடியிலேயே அச்சாகியிருக்கின்றன. 1853-ல் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்து 'கோவிந்தூயியா' என்றார் வைட். (பிற்பாடு அது டிரொபிடியா என்ற வேறு பேரினத்தில் சேர்ந்துவிட்டது, அது தாவரவியலில் சகஜம்.) அவருக்கு முன்னால் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றி 1795 முதல் லண்டனில் வெளியிட்ட 300 படங்களைப் பாருங்கள், வரைந்த நம்மவர் பேர் ஒன்றுகூட இல்லை. எடின்பரோ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி 2007-ல் வைட், ரங்கையா, கோவிந்து மூவரையும் பற்றி மூன்று தொகுதி எழுதினார். நம்ம ஆட்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஸ்காட்லாந்து வரை போக வேண்டியிருக்கிறது. இதைப் பற்றித் தனியாகப் புலம்பலாம், இன்னொரு நாள்.

இதுவரை படித்துவிட்டு, "ஓஹோ, எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தப்புக் கண்டுபிடிக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் ஒரு பொண்ணு, நாலாம் வகுப்பு. கெட்டி. செம்பருத்தி வரைந்தாள். செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழாயாக நீண்டு வரும், அதன் நுனியில் சூல்முடி அஞ்சு பொட்டாகப் பிரிந்திருக்கும். அவள் குழாய் வரைந்திருந்தாள், நுனியில் பொட்டுகளை விட்டுவிட்டாள். அப்போதுதான் புதுசாக விமர்சனப் பித்துப் பிடித்திருந்த நான், "இது தப்பு. நுனி எங்க?" என்றேன். பத்துப் பேர் முன்னால். மூஞ்சி சுருங்கியது. ரெண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தாள், பூனை வரைந்தாள். அதற்கு அடுத்த வாரமும் பூனை. "செடி வேண்டாமா கண்ணு?" என்றால், "பூனைதான் ஈஸி அங்கிள்" என்கிறாள். பூனைக்கு யாரும் மகரந்தத்தாள் எண்ண முடியாது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பாளையங்கோட்டை சார் அன்று "தப்பு" என்று சொல்லவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. "எண்ணுனீயளா?" என்று கேட்டார். மரத்துக்குப் போகச் சொல்லி வழி காட்டினார், அவ்வளவுதான். நான் போகாதது என் கொழுப்பு. இந்தக் குழந்தையிடம் நான் பூவைக் கையில் கொடுத்து, "நுனியில என்ன தெரியுது, பாத்துச் சொல்லேன்" என்று கேட்டிருந்தால் அவளே அஞ்சு பொட்டையும் கண்டுபிடித்துக் குதித்திருப்பாள். தப்பு இருந்ததைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. கண்டுபிடிக்கிற சந்தோஷத்தை அவளிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன், வருத்தம் அதில்தான். இப்போ பெரியவர்களுக்கு ஒரு கூடுதல் விதி: குழந்தையின் படத்தைப் பற்றிக் கேள்வி மட்டும் கேட்கலாம். "தப்பு" என்ற வார்த்தை பெரியவர்களுக்குள் மட்டும். பிள்ளைகள் எங்களை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். (சொல்கிறார்கள். பிளாஸ்டிக் இலை மேட்டர் இன்னும் ஓயவில்லை.)

அதற்காக மறுபடி "சூப்பர்" யுகத்துக்குத் திரும்ப நான் தயாரில்லை. நம் பிள்ளைகளுக்கு நீமும் ஜாமுனும் அமல்தாஸும் தெரிகிறது, வேம்பும் நாவலும் கொன்றையும் தெரிவதில்லை. போட்டோ எடுத்துக் கேட்டால் போன் ஒரு நொடியில் லத்தீன் பெயரே சொல்லிவிடுகிறது, அடுத்த நொடி மறந்தும் போகிறது. ஒரு கொன்றைப் பூவை ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்து, பக்கத்து ஆள் கேட்டதற்காக மகரந்தத்தாள் பத்து என்று எண்ணி, அதில் மூன்று மட்டும் நீளமாக வளைந்திருப்பதைப் பார்த்த பிள்ளைக்குக் கொன்றை என்ற பெயர் மறக்காது. ஊர்ப் பேச்சு மறந்துபோகிற குழந்தைக்கு "இது என்ன கலர், இது என்ன வடிவம், காம்பு, மொட்டு, மடல், நரம்பு" என்று வாய் நிறையத் தமிழ் பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குத் தெரியவில்லை. திருத்தல் இருந்தால்தான் அந்தப் பேச்சே நடக்கும்.

மந்தாரைக்கு வருகிறேன். பொண்ணுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா, அப்பா படம் தப்பா வரைஞ்சிட்டேன். உன் தெரு மரத்துல ஒரு பூ எடுத்து நீயே எண்ணு." எண்ணினாளாம். மூன்று. இலையும் மரம் நிறைய இருக்கிறது. ஆக, அவள் தெரு மரம் பர்ப்யூரியா. எங்கள் வாசல் மரம் எது என்பது அப்படியே நிற்கிறது. அவளே ஒரு படம் வரைந்து, தேதி போட்டு, மாதிரிக்கு ஒரு இலையையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். இதழ் அழகாக வந்திருக்கிறது. இலைக்காம்பு இலையோடு சேருகிற இடத்தில் ஒரு சின்ன வீக்கம் இருக்கும், அதைக் காணோம். "காம்பு முடியற இடத்தைத் தொட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. அங்கே ராத்திரி.

பழைய கிழக்கு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. உங்கள் ஆல்பத்தில் பிறந்தநாள், ஹோலி, தீபாவளி என்று வாசலில் எடுத்த போட்டோ எதிலாவது, பின்னால் ரெண்டு மடல் இலையோ ஊதாப் பூவோ தெரிகிறதா என்று பாருங்கள். போட்டோவில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்களா, கையில் கலர்ப் பொடி இருக்கிறதா, மத்தாப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தங்கமணி தோற்றாலும் பரவாயில்லை, நான் தோற்றாலும் பரவாயில்லை.